முந்நூற்று எண்பத்தேழாம் பிராணி

ஃபெர்மினுக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. பிழைப்புக்கு ஸ்பெயினில், சராகோசா நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. மற்ற நேரமெல்லாம் பிராணி பிடிப்பது. காட்டில் இல்லை, கம்ப்யூட்டரில். பெரிய கம்பெனிகளின் விளையாட்டில் மயங்கிய ரசிகர்கள், அதே மாதிரி தாங்களே ஒன்றைச் செய்து சும்மா கொடுப்பார்கள். அப்படி ‘சியெர்சோ’ என்ற புனைபெயரில் ஒரு பெண் தனியாளாக ஆறு வருஷம் உட்கார்ந்து செய்த விளையாட்டில் மொத்தம் முந்நூற்று எண்பத்தேழு பிராணிகள். முந்நூற்று எண்பத்தாறை ஃபெர்மின் பிடித்துவிட்டான். பிராணிப் பட்டியலில் கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்து அவன் உயிரை வாங்கியது.

ஒரு மாதம் தேடினான். புதர் புதராக, குகை குகையாக. பொறுமை போனதும் ரசிகர்களின் இணையக் குழுவில் எழுதினான்: “387 என்று ஒன்று கிடையவே கிடையாது. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட இந்த அம்மாள் புளுகியிருக்கிறார்.”

எதையும் முழுசாக முடிப்பவன் என்று அங்கே அவனுக்குப் பெரிய பெயர். அவனே சொல்லிவிட்டான் என்று இருநூறு பேர் சேர்ந்து அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவள் விளையாட்டையே தளத்திலிருந்து எடுத்துவிட்டாள். நம் பிரகஸ்பதி ஃபெர்மினுக்கு அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறு மதியம் அக்கா இசார்பே வீட்டில் சாப்பாடு. உருளைக்கிழங்கு போட்ட போராஹாக் கீரையை அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அக்கா முன்பே இறக்கி வைத்திருந்த அதே விளையாட்டில் அடிவாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய பிராணிகளுக்கு நடுவே, கழுத்தில் விளக்கு தொங்க, அவன் கண்டே இராத ஒரு கழுதை.

“இதை எங்கக்கா பிடிச்ச?”

“நான் எங்கடா பிடிச்சேன்? மொத நாளே என் பிராணியெல்லாம் அடிவாங்கி விழுந்துச்சு. இதுவா வந்து என்னை முதுகுல ஏத்தி வீட்டுல விட்டுச்சு. எல்லாருக்கும் வர்றதுதானே?”

“எனக்கு வரல.”

“ஏன், தொரை தோத்ததே இல்லையோ?”

தோற்றதே இல்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே ஆட்டத்தை மூடிவிட்டு, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவான். குழுவில் அத்தனை பேருக்கும் அதே பழக்கம். அக்கா மாதிரி சாதாரணமாகத் தோற்கிறவர்கள் அந்தக் குழுப் பக்கமே வருவதில்லை.

“அந்தப் பொண்ணு பாவம்டா,” என்றாள் அக்கா. “எவனோ ஒரு வீணாப்போனவன் பொய்க்காரின்னு கிளப்பிவிட்டுட்டானாம். தளத்துல எழுதியிருந்தா. அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!”

ஃபெர்மினின் காது வரை சூடேறியது. அந்த வீணாப்போனவன் தான்தான் என்று அவன் சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லி, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினான்.

வீடு வந்ததும் முதலில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவன் கை முதலில் போனது விளையாட்டுக்கு. முரட்டு எதிரி ஒன்றின் முன்னால் தன் பிராணிகளை நிறுத்தி, ஒவ்வொன்றாக அடிவாங்கவிட்டான். கழுதை வந்தது. “தோத்தா என்ன, ஏறிக்கோ,” என்றது.

கட்டம் நிரம்பியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒருத்தியின் ஆறு வருஷத்தைக் குப்பையில் தள்ளிவிட்டு, வந்த வேகத்தில் எண்ணிக்கையை முடித்துக்கொண்டிருக்கிறான். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

முழுசாக முடித்தவர்களுக்கென்று சியெர்சோ எழுதிவைத்திருந்த நன்றி திரையில் விரிந்தது. அடியில் அவளுடைய மின்னஞ்சல் முகவரி. “புளுகியது அவர் இல்லை, நான்தான்,” என்று குழுவில் எல்லோரும் பார்க்க எழுதினான். கழுதை கிடைக்கும் விதத்தையும் சேர்த்து எழுதினான். பிறகு சியெர்சோவிடம் மன்னிப்புக் கேட்டு, தோற்றுக் கழுதையை வாங்கியதையும் சொல்லி எழுதினான். அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னான். அவள் சட்டென்று போனை வைத்துவிட்டாள்; திட்டியிருந்தால் தேவலை.

திங்களன்று கடையில் இருந்தபோது சியெர்சோவின் பதில் வந்தது. ஒரே வரி.

“நிஜமாவே தோத்தீங்களா, இல்ல கழுதைக்காகத் தோத்தீங்களா?”

பொய் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ‘நிஜமாத்தான்’ என்று தட்டினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழித்துவிட்டு, “கழுதைக்காக,” என்று அனுப்பினான்.

உடனே பதில் வந்தது.

“அப்ப அது இன்னும் உங்களுக்கு வரலைன்னே வெச்சுக்கோங்க.”