பாலைமரத்தில் வைத்த கை

தர்மபுரம் பள்ளிக்கூட மண்டபத்தில் பதினேழு மரங்கள் வாங்குப் பலகைகளின் மேல் நின்றன. எல்லாம் தொட்டியில் முழங்கை உயரம்தான். காட்டுக்கு நடுவில் இருக்கிற சனம் மரம் பார்க்க வரிசையில் நின்றது, தொண்ணூற்றெட்டு ஆவணியில்தான் முதல் தடவை. பொன்சாயாம், யப்பான்காரர் மரத்தைக் குறுக்கி வளர்க்கிற முறை. உரிமையாளர் வீரபாகு, நிவாரணம் கொடுக்கிற ஒரு கந்தோரின் பெரிய அதிகாரி. கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது மரங்களை லொறியில் ஏற்றிவிட்டு, இடம் மிஞ்சினால் மாமியார் என்று சொன்னவர். மாமியார் சைக்கிள் கரியரில் வந்து சேர்ந்தார்.

சின்னராசா வந்தது மரம் பார்க்க அல்ல. அவனுடைய மனைவி அன்னபாக்கியத்தின் வயிற்றுக் கட்டியை வெட்ட வவுனியா ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். போர்க் கோட்டைத் தாண்டி அங்கே போகப் பாஸ் வேண்டும். பாஸ் கொடுக்கும் யன்னல் வெள்ளி நாலு மணிக்குப் பூட்டினால் திங்கள்தான் திறக்கும். இன்றைக்கு வெள்ளி. படிவத்தில் வீரபாகுவின் கையெழுத்து மட்டும்தான் குறை.

மணி மூன்று.

"முதல்ல மரங்களைப் பாரும். கடதாசி எங்கையும் ஓடாது," என்றார் வீரபாகு.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பிரசங்கம் இருந்தது. கடைசியாக நடுவில் நின்ற பாலை. வயது இருபத்திரண்டாம். இலையும் பட்டையும் தேங்காயெண்ணெய் பூசி மினுங்கின.

"எப்பிடி? கமக்காரன் நீர், சொல்லும்."

நல்லாயிருக்குது என்று சொல்லத்தான் சின்னராசா வாயைத் திறந்தான். முப்பது வருடம் மண்ணில் கிடந்த கை வாயைக் கேட்டு வேலை செய்வதில்லை. பெருவிரல் நகம் போய்ப் பட்டையைச் சுரண்டிவிட்டது. உயிருள்ள மரமென்றால் உள்ளே பச்சை தெரியும். இதில் விரல் நீளத்துக்குப் பட்டை கழன்று தொங்கியது. உள்ளே நல்ல காய்ந்த விறகு.

வாசலில் பிரதம விருந்தினரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"பட்டையை அமத்திப் பிடியும்," என்றார் வீரபாகு, உதடு அசையாமல். "கையை எடுத்தீரோ, கடதாசியை மறந்திடும்."

சின்னராசா பிடித்தான். பார்த்தவர்களுக்கு ஏதோ பாசத்தில் தடவுகிறான் போலிருந்தது.

பிரதம விருந்தினர் பென்சன் எடுத்த பள்ளிக்கூட அதிபர், காது கொஞ்சம் மந்தம். தான் போகாத யப்பானைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பிறகு வீரபாகு எழும்பி, பாலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"குறைந்த நீர், குறைந்த மண், குறைந்த உரம். அப்படியிருந்தும் எவ்வளவு கம்பீரமாக வாழ்கிறது பாருங்கள்."

பொருளாதாரத் தடையில் எட்டு வருடமாக யூரியா கிடைக்காத சனம், தங்களைத்தான் சொல்லுகிறார் என்று நினைத்துப் பலமாகக் கைதட்டியது. அந்த அதிர்வில் மூன்று இலை உதிர்ந்தன. வீரபாகு அவற்றின் மேல் சப்பாத்தை வைத்துக்கொண்டு தொடர்ந்து பேசினார்.

மூன்று நாற்பது. யன்னலுக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். சின்னராசாவின் விரல் விறைத்து, வியர்வையில் பட்டை வழுக்கத் தொடங்கியது. காலையில் அன்னபாக்கியம் உடுப்புப் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, கிடைக்குமோ என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தாள். மூன்று நாற்பத்தெட்டு.

"ஐயா," என்றான். "கையெடுக்கட்டோ?"

கை வலித்ததால் கேட்டான், அவ்வளவுதான். வீரபாகுவின் காதில் அது மிரட்டலாக விழுந்தது. பேச்சு பாதியில் நின்றது. மண்டபம் முழுக்க இவனைப் பார்த்தது.

அதிபர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "என்னவாம், கையெழுத்தோ? போட்டுக் குடுங்கோவன் வீரபாகு. பாவம், கனநேரமா நிக்குது மனிசன்." தன் பேனையையும் நீட்டினார்.

வீரபாகு இடது பெருவிரலைச் சின்னராசாவின் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மெல்ல நகர்த்தி, பட்டையைப் பொறுப்பேற்றார். வலது கையால், உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவையாக, படிவத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

சின்னராசா சைக்கிளை மிதித்த மிதியில் ஒரு செருப்பு வழியில் விழுந்தது. நிற்கவில்லை.

யன்னலின் ஒரு கதவு சாத்தியாகிவிட்டது. மற்றதைச் சாத்த வந்த கைக்குக் குறுக்கே படிவத்தை நீட்டினான். உள்ளே இருந்தவர் அதைத் தூக்கிப் பிடித்து, என்ன இது ஒரே எண்ணெய் என்று கேட்டார். சின்னராசா மூச்சு வாங்கியபடி பெருவிரலை வேட்டியில் துடைத்தான்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வாகனம். ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."