இன்னும் ஒரு கூடை பந்து

“அந்த ஜாடிய நீ அத்தான் கையில குடுத்தீன்னா நான் இப்பவே இறங்கிப் போயிடுவேன்” என்றாள் சித்தி.

“நான் எங்க குடுத்தேன்? அப்பாதான் கைய நீட்டினார்” என்றாள் மகள்.

“நீட்டுவார். அக்கா மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப நீட்டியிருக்கணும்.”

கடற்சுவர் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். காற்று அப்படி. காற்று இல்லாவிட்டாலும் சித்தியின் குரல் அதே அளவுதான்.

விஷயம் தெருவுக்கே தெரியும். அம்மா போன காலையில் அப்பா கோல்ஃப் திடலில் இருந்தார். கைப்பேசி பைக்குள், பை காருக்குள். மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள். அவர் வந்தபோது அம்மாவின் முகத்தை மூடியாகிவிட்டது. அம்மாவே போய்வரச் சொன்னாள் என்பது அவர் கட்சி. சாட்சி சொல்ல அம்மா இல்லை. அன்றிலிருந்து மகள் அவருக்குச் சாப்பாடு வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள்.

இப்போது ஜாடியைத் திறந்து, கோபத்தையும் சேர்த்து அம்மாவின் சாம்பலில் ஒரு பிடியைக் கடலை நோக்கி வீசினாள். அது எழும்பி, கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்து சித்தியின் கறுப்பு உடையில் உட்கார்ந்தது. அக்காவும் தங்கையும் உயிரோடு இருந்தவரை அவ்வளவு ஒட்டியதில்லை.

“வேகமா வீசாதம்மா” என்றார் அப்பா பின்னாலிருந்து. “எதிர்காத்துல ஓங்கி அடிக்க அடிக்க மேலதான் எழும்பும்.”

“இங்கயும் கோல்ஃபா?” என்றாள் சித்தி, வாயைத் துடைத்தபடி.

இரண்டாவது பிடி மகளின் தலைமுடியிலேயே தங்கியது. அவளுக்குக் கண் எரிந்தது. சாம்பல்தான் என்று வைத்துக்கொள்வோம்.

“சரி, என்ன பண்ணணும்?”

“கால அகட்டி நில்லு, காத்து தள்ளாது. பந்த வழக்கத்தவிட வலது கால் பக்கம் தள்ளி வைப்போம். மட்டைய இறக்கிப் பிடிச்சு, முக்கால் வீச்சுதான். அப்பதான் தாழப் போகும்.”

மகள் ஜாடியை மூடினாள்.

“அன்னிக்கும் இதத்தான் பழகிட்டு இருந்தீங்களா?”

“ஆமா. அன்னிக்கும் இதே காத்து.”

“அந்த அடி கைக்கு வந்துச்சா?”

சித்திகூட வாயை மூடிக்கொண்டாள். தெருவில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

“அப்பதான் வர ஆரம்பிச்சுது. அதனாலதான் அடிச்சுப் பழக இன்னும் ஒரு கூடை பந்து வாங்கினேன்.”

பொய் சொல்லியிருக்கலாம். வழியில் நெரிசல், கார் கிளம்பவில்லை என்று ஆயிரம் பொய்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மகள் நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, முகத்தைப் பார்க்காமலே, ஜாடியை அவரிடம் நீட்டினாள்.

சித்தி எங்கும் இறங்கிப் போகவில்லை.

அவர் காலை அகட்டி, முட்டியை மடக்கி, சுவர் விளிம்புக்குக் கீழே கையை இறக்கி மெல்ல விட்டார். சாம்பல் காற்றுக்கு அடியில் தாழப் போய் நீரில் இறங்கியது. நன்றாகப் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருடமே சித்தி தன் மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். தெருவில் சத்தமும் குறைந்தது, செய்தியும் குறைந்தது. மகள் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்கு வீடு மாறினாள். சாமான் வண்டியின் முன்சீட்டில் அப்பா உட்கார்ந்து போனார். மடியில் அவளுடைய மீன்தொட்டி, அவள்தான் வைத்தாள். வளைவுக்கு வளைவு தண்ணீர் ததும்பி அவர் கால்சட்டையில் வழிந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.