ஜக்கம்மாள் குதித்த கிணறு

பார்த்திப வருஷம் ஆவணி மாதத்து உச்சிவெயிலில் ஜக்கம்மாள் குதித்ததில் ராமசுப்புவின் தோட்டக் கிணறு ஒரு சாண் உயர்ந்தது. அவள் கரையேறிய பிறகும் அது இறங்கவில்லை. ஆள் விழுந்தால் தண்ணீர் ஏறும், ஆள் ஏறினால் தண்ணீர் இறங்கும். இதை நரிக்குடியிலும் பாலவனத்தத்திலும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஏறியது ஏறியபடியே நின்றது பரளச்சிப் பக்கத்தில்தான், அதுவும் ஜக்கம்மாளுக்குத்தான்.

அவளுக்கு அப்போது நாற்பது வயது. அகன்ற இடுப்பு, தடித்த தோள், நடந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கிற காலடி. நரிக்குடிக் கண்மாய்க் கரையில் பிறந்து தவளையோடு தவளையாக நீந்தி வளர்ந்தவள், பரளச்சிக்கு வாக்கப்பட்டு வந்தபின் குடத்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் குளித்ததில்லை. அன்றைக்கு ராமசுப்பு தோட்டத்தில் வெங்காயத்துக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தாள். முதுகெல்லாம் வேர்க்குரு. குதித்ததற்கு வேறு காரணம் கிடையாது. சாமி கனவில் வரவில்லை, வீட்டில் சண்டையும் இல்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுப்படியிலிருந்து விழுந்தாள். மழை பொய்த்த வருஷம். இரண்டாள் ஆழம்தான் கிடந்தது. அடிமண்ணைக் காலால் உதைத்து மேலே வந்தவள், கிணறே அதிரும்படி சிரித்தாள். பிறகு மல்லாந்து கிடந்து வட்டமாகத் தெரிந்த வானத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அந்த உடம்பிடம் எல்லோரும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் பால் கேட்டார்கள், மாமியார் வேலை கேட்டாள், களைக்கொத்து முதுகைக் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரம் யாரும் எதையும் கேட்கவில்லை. தன் தொடையையும் வயிற்றையும் தண்ணீர் தாங்கிக்கொண்டிருப்பது அவளுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. நல்ல உடம்புதான் நமக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் கண்டுபிடித்தவன் அவள் புருஷன் ஆண்டிச்சாமி. அதே கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கிறவன் அவன். மாடுகள் சரிவின் கடைசி வரை போனால்தான் தண்ணீர்ச் சால் மேலே வரும்; அன்று சாயங்காலம் ஓரெட்டு முன்னாலேயே வந்து கொட்டியது. எட்டிப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியின் ஈரத் தலையைப் பார்த்தான்.

“ஏ புள்ள, கெணத்துல விழுந்தியா?”

“விழல. குதிச்சேன். நாளைக்கும் குதிப்பேன்.”

“குதி. மாட்டுக்கும் நோக்காடு கொறையும்ல,” என்றான்.

யுத்தத்தால் துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. மாற்றுச் சேலை இல்லாததால் தினமும் குதித்தெழுந்து நனைந்த சேலையோடே மறுபடி களையெடுக்க உட்கார்ந்தாள். கூட வேலை செய்த தங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, “பேரன் எடுக்குற வயசுல ஒனக்குக் கொழுப்ப பாரேன்,” என்றாள். ஊரும் அதையே கொஞ்சம் பச்சையாகச் சொன்னது. ஆனால் ஜக்கம்மாள் குதிக்கக் குதிக்கக் கிணறு படிப்படியாக ஏறிற்று. பக்கத்துத் தோட்டங்கள் கருகிக் கிடக்க, ராமசுப்புவின் கத்தரி காய்த்துத் தொங்கியது. பேசிய வாயெல்லாம் தானாக அடங்கியது.

புரட்டாசியில் ஊர்க்கிணறு வற்றத் தொடங்கியதும் பெரியவர்கள் கூடினார்கள். ராமசுப்புதான் தலைமை. ஜக்கம்மாளை அதில் குதிக்கவைப்பது என்று முடிவாயிற்று. குடிக்கிற தண்ணீரில் மனுஷி விழுவதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். மனுஷி விழுந்தால் அழுக்கு, சாமி விழுந்தால் தீர்த்தம் என்று பதில் வந்தது. ஆகவே அவளைச் சாமியாக்கினார்கள். பதினைந்து நாள் விரதம் என்று கையில் காப்புக் கட்டினார்கள். கருவாடு கூடாது, வெற்றிலை கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, ஒருபொழுதுதான் சாப்பாடு, புருஷன் வேறு இடத்தில் படுக்க வேண்டும் என்றார்கள். விரதம் முடியும்வரை தோட்டக் கிணற்றிலும் இறங்கக் கூடாது என்று ராமசுப்பு படியில் முள்ளை வெட்டிப் போட்டார். ஜக்கம்மாளுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஊர்ப் பிள்ளைகள் காய்ந்த உதட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

விரதம் முடிந்த வெள்ளிக்கிழமை உருமி மேளம் முழங்க, மஞ்சள் சேலையில் கூட்டி வந்தார்கள். கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. அத்தனை கண்ணும் அவள் மேல். கைகூப்பியபடி, முழங்காலை ஒட்டிக்கொண்டு, சொல்லிக்கொடுத்த மாதிரியே குதித்தாள். தண்ணீர் ஏறியது. அவள் ஏறியதும் இறங்கியது. இறங்கியது பழைய இடத்தில் நிற்காமல் இன்னும் ஒரு சாண் கீழே போயிற்று. மறுபடி குதிக்கச் சொன்னார்கள். இன்னும் ஒரு சாண் போயிற்று. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. விரதத்தில் ஏதோ குறை, இன்னும் பதினைந்து நாள் இருக்கட்டும் என்றார் ராமசுப்பு.

ஜக்கம்மாள் படியில் உட்கார்ந்தாள். பசித்தது. தலை எண்ணெயில்லாமல் பரட்டையாகக் கிடந்தது, தோல் வெளுத்துச் சொரசொரத்தது. இன்னும் பதினைந்து நாள் போனால் இந்த உடம்பு பழையபடி தனக்கு வேண்டாததாகிவிடும் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஊர்க்கிணறு வற்றுவது அதற்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் பார்த்திருக்கக் காப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஐயையோ, சாமி குத்தமாயிரும்!” என்று ராமசுப்பு கத்தினார்.

“நான் சாமி இல்ல மொதலாளி, மூணு பெத்தவ. ஒங்களுக்குத் தண்ணி வேணும்னா எனக்குக் கருவாட்டுக் கொழம்பு வேணும். எண்ணெ தேய்ச்சுக் குளிச்சு ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சு வாரேன். ஆம்பளைக அம்புட்டுப் பேரும் கண்மாய்க் கரைக்குப் போயிருங்க. மேளமும் வேண்டாம்.”

கீழே கிடந்த தண்ணீர் இரண்டு நாளைக்குத்தான் காணும். அதனால் ஆம்பளைகள் கண்மாயைப் பார்த்து நடந்தார்கள். தங்கம்மாளே கருவாட்டுக் குழம்பு வைத்து, கேழ்வரகுக் களியைக் கிண்டிப் போட்டாள். உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தும் விட்டாள். ஜக்கம்மாள் வெற்றிலையை மென்று குறட்டைவிட்டுத் தூங்கினாள். ஆம்பளைகள் கண்மாய்க் கரையில் காத்துக் கிடந்தார்கள். வெயில் தாழ எழுந்து சோம்பல் முறித்து, எலும்பெல்லாம் சொடக்கெடுத்து, கிணற்றுக்குப் போனாள். காலை மடக்கி, ‘ஓ’வென்று கூவிக்கொண்டு விழுந்தாள். மேலே நின்ற பெண்கள் தலையோடு நனைந்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த தங்கம்மாளும் சேலையைச் சொருகிக்கொண்டு மூக்கைப் பிடித்தபடி குதித்தாள். அவளுக்குப் பின்னால் யார் யார் குதித்தார்கள் என்று எந்தப் பெண்ணும் வீட்டில் சொல்லவில்லை. எல்லோரும் ஏறி வந்தபோது தண்ணீர் மேலிருந்து மூன்றாம் படியில் நின்றது. ஊர் அதை வடிகட்டிக் குடித்தது. லேசாக நல்லெண்ணெய் வாசம் அடித்ததாகச் சிலர் சொன்னார்கள்.

ஐப்பசியில் மழையும் வந்தது, கொட்டோ கொட்டென்று. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. எல்லாக் கிணறும் விளிம்புவரை நிறைந்தது. ராமசுப்பு ஆண்டிச்சாமியிடம் சொல்லி அனுப்பினார், ஊருக்காக இத்தனை நாள் பட்ட கஷ்டம் போதும், இனி ஜக்கம்மாள் குதிக்கத் தேவையில்லை என்று. அவள் தோட்டக் கிணற்று மேட்டில் நின்று தலைமுடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்குத் தேவையில்லையாம்?” என்று கேட்டுவிட்டுக் குதித்தாள்.

நிறைந்திருந்த கிணறு வழிந்து, தண்ணீர் தோட்டத்துக்குள் ஓடியது. ஆண்டிச்சாமி மண்வெட்டியை எடுத்துப் போய் அதைக் கத்தரிப் பாத்திக்குத் திருப்பிவிட்டான்.