பல்கிஸ் கொண்டுவந்த கதவு

திங்கட்கிழமையிலிருந்து கல்லூரிக் கட்டடம், நம்பிராஜன் செய்துகொடுத்த கல்லூரி இணையதளத்தைப் போலவே நடந்துகொண்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேன்டீனில் வடை வழக்கம்போலத் தீர்ந்துபோயிருந்தது.

நம்பிராஜனுக்கு அன்று கடைசித் தேர்வு. எழுதாவிட்டால் ஒரு வருடம் போச்சு. தேர்வறை மூன்றாவது மாடியில். படிக்கட்டோ முதல் மாடியிலிருந்து நேரே நாலாவதுக்குத் தாவியது. எழுத்தின் அளவு லட்சணமாக இருக்கிறதென்று, தளத்தில் முதல் நிலைத் தலைப்புக்கு அடுத்து நாலாம் நிலைத் தலைப்பைப் போட்டவன் அவன்தான். தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஒரு மாடி இறங்கினான்.

கதவு இருந்தது. தள்ளினான். சுவர். கதவைப் போல வரைந்திருந்தது. அவன் தளத்துப் பொத்தான்களைப் போல நிழல்கூட அழகாக விழுந்திருந்தது.

"மவுஸ் வச்சிருக்கீயளா தம்பி?" என்றார் வாட்ச்மேன் சுடலைமுத்து. "அதால தொட்டாத்தான் தொறக்கும்."

"இல்லையே அண்ணாச்சி."

"அப்ப நில்லுங்க."

பல்கிஸ் வந்தாள். வகுப்புத் தோழி. கண் தெரியாது. போன் வாசித்துச் சொல்லக் கேட்டுத்தான் இணையதளத்துக்குள் நடமாடுவாள். ஒரு கையில் வெள்ளைக் குச்சி. மறு கையில், குடையைப் போல மடக்கிய கதவு.

"கதவு எதுக்கு பல்கிஸ்?"

"ஒன் வேலைய நம்பி வெறுங்கையோட வரச் சொல்லுதியாக்கும்?"

சுவரில் விரித்துப் பொருத்தினாள். சாதாரணக் கதவு. 'தேர்வறை' என்று பெயர் இருந்தது. தொட்டதும் திறந்தது. அவள் பின்னாலேயே அவனும் நுழைந்தான்.

தேர்வைக் கண்காணித்த தேவகிருபை மேடம் நிமிர்ந்தார். "பல்கிஸ். அப்புறம் ஒரு படம்."

"மேடம், நான் நம்பிராஜன்."

"படத்துக்கு விளக்கம் ஒண்ணும் எழுதலியே. யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

அவன் தளத்தில் எந்தப் படத்துக்கும், போன் வாசித்துச் சொல்ல ஒரு விளக்கம் கிடையாது. பல்கிஸ் வருடம் முழுக்கக் கேட்டாள். 'பாத்துக்கலாம்' என்றே சொல்லிவந்தான்.

"பல்கிஸ், நீயாவது சொல்லேன்!"

அவள் யோசித்தாள். "அலங்காரப் படம்னா விளக்கம் வேண்டாம் மேடம். வெறுமனே விட்டா எல்லாரும் தாண்டிப் போயிருவாங்க."

"இவன் அலங்காரமா?"

"வேற எதுக்கு இருக்கான்?"

அவனைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். நல்ல இடம். மின்விசிறிக் காற்று நேரே வந்தது. பல்கிஸின் மேசையிலிருந்த லேப்டாப் முதல் கேள்வியை வாசித்தது:

'படங்களுக்கு ஏன் விளக்கம் எழுத வேண்டும்?'

விடை அவனுக்கு ஒரு வரி விடாமல் தெரிந்தது. கைதான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தது.