வாங்க ஆளில்லாத விலை

முபீன் நெல் வியாபாரி. அறுவடை தொடங்கி லொறிகள் வரிசை கட்டினால் நெல் விலை விழும், கடைசி மூட்டையும் போன பிறகு ஏறும் என்பதைக் கல்முனையில் யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குச் சந்தையும் அதே கணக்குத்தான் என்று நம்பினான். அதில் பாதி சரி.

மார்க்கம் தடுத்த வட்டி கலக்காத கம்பனிகள் கொஞ்சம்தான். அதிலும் கைக்கெட்டும் விலையில் இருந்தது ஒரு சின்னத் தென்னந்தும்புக் கம்பனி. விற்பனைக்கு வரும் பங்குகளோ சொற்பம். முபீன் வாங்கினான். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் செருப்பைத் தேடும் நேரத்திலும் அதைப் பற்றியே கதைத்தான். மச்சான்மார் வாங்கினார்கள், பிறகு அவர்களுடைய மச்சான்மார். கேட்பவர் பத்துப் பேர், விற்பவர் ஒருவர் என்றால் விலை ஏறாமல் என்ன செய்யும்? எட்டு ரூபாய் இருபதானது. நாடே இந்தக் கம்பனியைத் தேடுகிறது என்று மார்தட்டினான். தேடியது நாடல்ல, அவனுடைய சொந்தக்காரர்கள். இந்தச் சின்ன விஷயம் அந்தக் கெட்டிக்காரனுக்கு உறைக்கவில்லை.

உறைத்தது விற்கப் போனபோது. மகள் மர்ஷூதாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்க வேண்டும். அவளுடைய வீடோ கூரையில்லாமல் நின்றது. இருபது ரூபாய்க்கு எல்லாப் பங்கையும் விற்கப் போட்டான். ஆளில்லை. வாங்கக்கூடியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வாங்கி முடித்திருந்தார்கள். போனில் இருபது என்று இருந்தது, கையில் எடுக்கத்தான் முடியவில்லை. பத்தொன்பதாக்கினான், பதினெட்டாக்கினான். வீட்டு வேலை எந்த மட்டில் என்று மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை ஆளனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாளாய் முபீனுக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் பதினாறுக்கு இறக்கினான். பதினொரு மணியளவில் யாரோ ஒருவர் அவ்வளவையும் ஒரே தடவையில் வாங்கினார். தொண்ணூறாயிரத்து நானூறு பங்கு. முபீன் கடைக்குள்ளேயே, நெல் மூட்டைகளுக்கு நடுவில் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான். கூரைக்காரனைக் கூப்பிட்டு நாளைக்கே வரச் சொன்னான். அசர் தொழுதுவிட்டு, தங்கை நஸ்லாவிடம் நல்ல செய்தி சொல்லப் போனான்.

நஸ்லா, புருஷன் விட்டுப்போன பிறகு எட்டு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். தன் மகளுக்கும் ஒரு வீடு கட்டத்தான் அந்தக் காசு. வட்டிக்குப் போடாமல் சும்மா கிடக்கிறதே என்று, நோன்பு மாதத்தில் முபீன்தான் அவளுடைய போனில் பங்குக் கணக்கைத் திறந்து கொடுத்தான். அன்று அவன் வாய் திறக்குமுன் அவளே தொடங்கினாள்.

"காக்கா, நீங்க செல்லித் தந்தபடியே செஞ்சிட்டன். விலை இறங்கினா கண்ண மூடிட்டு வாங்கு எண்டு சென்னீங்கதானே? இண்டைக்குப் பதினாறுக்கு வந்திச்சி. கிடந்த தொண்ணூறாயிரத்தி நானூறையும் வாங்கிட்டன்."

விலை எதனால் இறங்கியது என்று அவனுக்குத்தானே தெரியும்? இறக்கியவனே அவன். இனி அந்தப் பங்கை வாங்க ஒருத்தருமில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். சொல்லிவிடு, காசைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று நெஞ்சு இடித்தது. கூரையில்லாத வீடும் மர்ஷூதாவின் முகமும் வந்து வாயை அடைத்தன. கூடப்பிறந்தவளின் எட்டு வருஷத்தைத் தின்றுவிட்டோமே என்று உள்ளே குமுறினான். வெளியே, அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தான்.

"வித்தது ஆரோ தெரியா காக்கா," என்றாள் நஸ்லா. "ஏறுற பங்க இந்த விலைக்கிக் குடுத்திரிக்காங்க எண்டா, அந்த வீட்டுல என்ன கஷ்டமோ. அசர் தொழுதிட்டு அவங்கட பொண்டாட்டி புள்ளகளுக்கும் சேத்துத் துஆ கேட்டன்."

முபீன் தலையைக் குனிந்துகொண்டு ஆமீன் என்றான்.