வெண்டல் சொல்லாத இடம்

ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் ஒரு படகுத்துறையில் எஞ்சின் பழுதுபார்த்தவன் வெண்டல். துறை கைமாறியதும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி மார்லாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மாலை ஷிஃப்டுக்குப் போவதுபோலவே சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவான். ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையோரம் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருப்பான். அங்கே கூடாரம் போட்டிருந்த ஓட்டிஸ்தான் அவனுக்குப் பேச்சுத்துணை.

ஜூன் மாதத்தில் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப்போட்டது. முதலில் ஃப்ளூ என்றார்கள். மறுபடியும் நடுக்கம் வந்ததும் மார்லா அவனை மருத்துவமனையில் சேர்த்தாள்.

"சமீபத்துல எந்த நாட்டுக்குப் போயிட்டு வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

மார்லா சிரித்துவிட்டாள். "நாடா? இவன் பக்கத்து ஸ்டேட் ஜார்ஜியாவுக்குப் போனதே என் தங்கச்சி கல்யாணத்துக்குத்தான். பாஸ்போர்ட்டே கிடையாது, டாக்டர்."

"ரத்தத்துல மலேரியாக் கிருமி இருக்கு. அப்போ இங்கேயே ஏதோ கொசு கடிச்சிருக்கு."

அன்று பிற்பகலே சுகாதார அலுவலகத்திலிருந்து யாரிட்சா என்ற பெண் வந்தாள். "இந்தக் கொசு இருட்டுற நேரத்துல கடிக்கும். அந்நேரம் எங்கெல்லாம் இருந்தீங்க? நீங்க சொல்ற இடத்துலதான் மருந்து அடிப்போம், அக்கம்பக்கத்துல ரத்தம் எடுப்போம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மார்லா கட்டிலோரம் அவன் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். வெண்டல் கண்ணை மூடிக்கொண்டான்.

"வேலை செய்யுற ஷெட்டுல பெரிய ஃபேன் ஓடும், கொசு அண்டாது. லீவு நாள்ல வீட்டுக்குப் பின்னாடி உட்காருவேன். அங்கதான் பிச்சு எடுக்கும்."

அவன் தெரு முழுக்க மருந்து வண்டி புகையடித்துப் போனது. வீடு வீடாக ரத்தம் எடுத்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு கெயில் வளர்த்த தேனீக்கள்தான் கூட்டோடு செத்தன. வெண்டல் வீடு திரும்பியதும் அவள் வேலியோரம் வந்து, "உன்மேல தப்பில்ல, விடு," என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

இரண்டாம் முறை யாரிட்சா வீட்டுக்கே வந்தாள். முகம் களைத்திருந்தது.

"இன்னொருத்தருக்கு வந்திருக்கு. குவாரிக் குட்டைகிட்ட கூடாரத்துல இருந்தவர். கிட்னி கெட்டு ஐசியூல கிடக்கார். ஓட்டிஸ்னு பேரு. தெரியுமா?"

"இவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மார்லா.

"தெரியும்," என்றான் வெண்டல். பிறகு எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

யாரிட்சா ஃபோனை எடுத்து, "குட்டைக்கு இப்பவே ஆள் அனுப்புங்க," என்று மட்டும் சொன்னாள்.

மார்லா நின்ற இடத்திலேயே நின்றாள். "வேலை போனா போகட்டும். அதை மறைக்கவா ஒரு மனுஷனை..." முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஓட்டிஸ் பிழைத்துக்கொண்டான். பார்க்கப் போன வெண்டல் மன்னிப்புக் கேட்டபோது அவன் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"நீயா என்னைக் கடிச்ச? ஆனா ஒரு நடை வந்து சொல்லியிருக்கலாம்யா. காய்ச்சலை வெயில் சூடுன்னு நினைச்சு நான் பாட்டுக்குப் படுத்துக் கிடந்தேன்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

குட்டையைச் சுற்றி இன்னும் சிலர் இருந்தார்கள். அதிகாரிகளின் வண்டியைக் கண்டாலே புதருக்குள் மறைந்துவிடுவார்கள். "உங்க முகம் அவங்களுக்குத் தெரியும். கூட வர்றீங்களா?" என்று யாரிட்சா கேட்டாள்.

போனான். ஒவ்வொரு கூடாரத்தின் முன்னாலும் நின்று அதையே சொல்ல வேண்டியிருந்தது. "எனக்கு மலேரியா வந்துச்சு. இங்கதான் வந்துச்சு. நான் சொல்லாம விட்டுட்டேன்." சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தான். பழகவில்லை.

கடைசிக் கூடாரத்திலிருந்த பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓட்டிஸை ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனப்போ நான்தான்யா கூட நின்னேன். இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா?"

அவள் அவனை விட்டு யாரிட்சா பக்கம் திரும்பி, ஊசிக்கு விரலை நீட்டினாள்.