ஒரு நாளைக்கு முப்பத்தொரு மணி நேரம்

சின்னத் தங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பெரியவன் முதலில் தேடியது ஸ்கேலைத்தான். வேறு அண்ணனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான், இல்லை வயிறெரிந்திருப்பான். இவன் ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் விரித்து, பென்சிலைச் சீவி, கட்டம் போட ஆரம்பித்தான்.

விஷயம் இதுதான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து இரண்டு வருடமாகிறது. அப்போது ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், கொஞ்ச நாள்தானே என்று வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளை எழுப்ப வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது வேறொரு ஊரிலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டிருந்தது. போன வருடமும் கூப்பிட்டார்கள், இவள் போக முடியவில்லை. இந்த முறை, வருகிற ஒன்றாம் தேதி வந்து சேராவிட்டால் இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். அவள் வயதுக்கு மூன்றாவது முறை என்று ஒன்று வரப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

அண்ணனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரெண்டு வருஷமா நான் ஒருத்தியே பாத்தாச்சு. இனிமே நீங்க எல்லாருமாச் சேர்ந்து பாத்துக்கங்க."

பெரியவனுக்கு மற்றதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த "ஒருத்தியே" என்ற சொல்தான் முள்ளாகக் குத்தியது. தினமும் ஆபீஸ் விட்டு வரும் வழியில் அப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன் யார்? அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்து, "அப்பா, இன்னைக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவன் யார்? இதையெல்லாம் வாயால் சொன்னால் சண்டையாகிவிடும், கட்டத்தில் போட்டுக் காட்டினால் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தான். பாவம், கட்டத்தை அவ்வளவு நம்பினான்.

நம்பாமல் என்ன செய்வான்? பிழைப்பே அதுதான். அவன் வேலை பார்த்தது புள்ளிவிவர அலுவலகம் ஒன்றில். ஊர்ப்பட்ட அட்டவணைகள் தினமும் அங்கே வந்து குவியும். இரண்டாவது மாடியில் இருக்கிறவர்கள் அவற்றைக் குறுக்கே கூட்டுவார்கள். மூன்றாவது மாடியில் இருக்கிறவர்கள் நெடுக்கே கூட்டுவார்கள். இரண்டு மாடிக்கும் நடுவில் ஒரு படிக்கட்டும், யார் யாரிடம் முதலில் கோபித்துக்கொண்டார்கள் என்பதே மறந்துபோன ஒரு பழைய பகையும் இருந்தன. பெரியவன் குறுக்குக் கூட்டல் பிரிவின் தலைவன். கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே கூட்டுவான், ஒரு தப்பு வராது. நெடுக்கே மட்டும் அவன் பார்வை போகாது. அது மேல்மாடிக்காரன் சோற்றில் கை வைக்கிற மாதிரி என்று சேர்ந்த புதிதிலேயே சொல்லி வளர்த்திருந்தார்கள். குறுக்குக் கூட்டல் முடிந்ததும் சம்பந்தப்பட்ட எல்லோரும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும், போட்ட பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்றக்கூடாது என்பது அங்கே வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். எல்லோரும் என்றால் பெரியவன், அவன் மனைவி, நடுத் தங்கை, சின்னவள். அப்பா உள்ளறையில் கட்டிலில் இருந்தார். கதவு பாதி திறந்துதான் இருந்தது. அவரிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அட்டவணையில் அவருக்கு வரிசை கிடையாது.

இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நான்கு பேர். மேலே குறுக்காக வாரத்தின் ஏழு நாள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த ஆள் அந்த நாளில் அப்பாவுக்காகச் செலவழிக்கும் மணி நேரம். பெரியவன் இதை விளக்கிய தோரணையைப் பார்த்தால், அட்டவணை என்பதையே உலகத்துக்கு அவன்தான் கொண்டுவந்தான் என்று தோன்றும்.

முதலில் தன் கணக்கைப் போட்டான். நேரில் பார்ப்பது அரை மணி. அதற்காக பஸ்ஸில் போக வர ஒன்றரை. ஆபீஸில் வேலைக்கு நடுவே அப்பாவை நினைத்துக்கொள்வது மூன்று மணி நேரம், குறைத்தே போட்டிருப்பதாகச் சொன்னான். அப்பா நினைப்பில் இரவு தூக்கம் வராமல் புரள்வது மூன்று. ஆக எட்டு.

நடுத் தங்கை தன் வீட்டிலிருந்து தினம் மூன்று தடவை போன் செய்கிறவள். அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று சின்னவளைக் குடைந்துவிட்டு வைப்பாள். அவள் பதினாறு மணி நேரம் கேட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே, "உடம்புதான் அங்க இருக்கு, மனசு பூரா இங்கதான்" என்றாள். காய்கறிக்காரியிடம் பேரம் பேசுவது போல் பேசி, பெரியவன் அதை ஒன்பதுக்குக் கொண்டுவந்தான். ஒன்பதுக்கே அவளுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

மனைவி நாலு மணி நேரம் என்றாள். வாரத்தில் மூன்று நாள் அவள் சூப் வைத்துக் கொடுத்தனுப்புவது உண்மை. மற்ற நான்கு நாள் எப்படி என்று சின்னவள் கேட்டாள். அந்த நாட்களில் நாளைக்கு என்ன சூப் என்று யோசிப்பதாகவும், போதாததற்குப் புருஷனை இங்கே அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதாகவும், அதுவும் ஒரு வகையில் மாமனாருக்குச் செய்வதுதான் என்றும் பதில் வந்தது. பெரியவன் மறு பேச்சில்லாமல் நாலு என்று எழுதினான். வீட்டுக்குப் போக வேண்டியவன் அல்லவா.

கடைசியில் சின்னவள். அவள், இருபத்திமூன்றரை என்றாள். அண்ணன் வந்து உட்காரும் அரை மணியில் அவள் கடைக்குப் போய் வருவாள், அதைக் கழித்துவிட்டுச் சொன்னாள்.

பெரியவன் சிரித்தான். பொறுமையுள்ள அதிகாரி, விவரம் தெரியாத ஆளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது.

"தூக்கமெல்லாம் கணக்குல வராதும்மா. தூங்குறது உழைப்பா?"

ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க எழுந்திருப்பதைச் சொன்னாள். எழுந்திருக்கிற நிமிஷங்களை மட்டும் எழுதிக்கொண்டு மீதியை அடித்தான். சமையலை அடித்தான், அவளும்தானே சாப்பிடுகிறாள். துவைப்பதை அடித்தான், அது துணி, அப்பா இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதை அடித்தான், அது பொழுதுபோக்கு. எல்லாம் போகப் பத்து மணி நேரம் நின்றது. தூக்கம் வராமல் அவன் புரண்டது உழைப்பு, ராத்திரி முழுக்க இவள் தூக்கம் கெட்டது உழைப்பில்லை. இது எந்த ஊர் நியாயம் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு அழுகைதான் வந்துகொண்டிருந்தது.

பெரியவன் குறுக்கே கூட்டினான். அவனுக்கு எட்டு ஏழு ஐம்பத்தாறு. நடுத் தங்கைக்கு அறுபத்துமூன்று. மனைவிக்கு இருபத்தெட்டு. சின்னவளுக்கு எழுபது. வாரத்துக்கு மொத்தம் இருநூற்றுப் பதினேழு. எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொன்னான். மனைவி போட்டாள், நடுத் தங்கை போட்டாள், அவன் தேதியோடு போட்டான். சின்னவளும் பேனாவை வாங்கிப் போட்டாள்.

"இருநூத்திப் பதினேழுல எழுபது. மூணுல ஒரு பங்குகூட வரல" என்றான் பெரியவன். "மூணுல ரெண்டு பங்கு நாங்க பாக்குறோம். ஒருத்தியே பாத்தேன்னு இனிமே சொல்லாத. எல்லாரும் பாதியில விட்டுட்டுப் போகாம இருக்கப்ப நீ மட்டும் எப்படிப் போவ?"

நடுத் தங்கை தலையாட்டினாள். மனைவி பெருமூச்சு விட்டாள். இவ்வளவு தெளிவாக ஒரு குடும்பத் தகராறு தீர்ந்ததே இல்லை என்று பெரியவன் பேனாவை மூடினான்.

சின்னவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பரிசோதனைக்கூடத்தில் எந்த எண்ணையும் இரண்டு வழியில் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டார்கள், அந்தப் பழக்கம் இன்னும் விரலில் இருந்தது. திங்கட்கிழமை என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள். மேலிருந்து கீழே இறக்கினாள்.

"எட்டும் ஒம்பதும் பதினேழு. நாலு, இருபத்தொண்ணு. பத்து, முப்பத்தொண்ணு" என்றாள். "அண்ணா, நம்ம அப்பாவுக்கு ஒரு நாளைக்கு முப்பத்தொரு மணி நேரமா?"

பெரியவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நெடுக்கே எதற்குக் கூட்டுகிறாள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகு அவனும் கூட்டிப் பார்த்தான். செவ்வாய்க்கிழமையும் முப்பத்தொன்று, புதன்கிழமையும் முப்பத்தொன்று. இத்தனை வருடம் தன் பிரிவிலிருந்து மேல்மாடிக்குப் போன தாள்களில் இப்படி எத்தனை போனதோ என்று ஒரு கணம் நினைத்தான். அந்த நினைப்பை உடனே அவசரமாகத் தள்ளிவிட்டான்.

தப்பு நடந்திருக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றான். யாருடையதில் என்று சின்னவள் கேட்டாள். நல்ல கேள்வி. நடுத் தங்கை, தன் பதினாறை ஏற்கெனவே ஒன்பதாக்கியாயிற்று, இனி ஒரு நிமிஷம் குறைத்தாலும் அப்பா மேல் பாசமில்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும் என்றாள். மனைவி, தான் கேட்டதே நாலு, அதிலும் கை வைத்தால் சூப் வைக்கிற சட்டியை இங்கேயே கொண்டுவந்து வைத்துவிடுவேன் என்றாள். மிச்சமிருந்தது அவனுடைய எட்டுதான். அதில் எதை அடிப்பது என்று பார்த்தான். நினைப்பை அடித்தால் ஐந்து, புரள்வதை அடித்தால் இரண்டு, பஸ்ஸை அடித்தால் அரை. அந்த அரையும் டீயோடு சேர்த்து. பேனாவைத் திறந்தவன் திறந்தபடியே வைத்துக்கொண்டிருந்தான்.

"குறைக்க வேணாம்ணா. கையெழுத்துப் போட்டாச்சு, மாத்தக்கூடாதுன்னு நீங்கதான் சொல்வீங்க" என்றாள் சின்னவள். அழுகை எங்கோ போய்விட்டிருந்தது. "முப்பத்தொண்ணுல என் பத்தைக் கழிச்சிட்டா இருபத்தொண்ணு. நான் இல்லாமலே அப்பாவுக்கு இருபத்தோரு மணி நேரம் ஆள் இருக்கு. மீதி மூணு மணி நேரம் அவர் தூங்கட்டும். தூக்கம் கணக்குல வராதே."

எழுந்து உள்ளே போனாள். அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கும் சத்தம் முன்னறைக்குக் கேட்டது. மூவரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் என்று சொன்னால் தாங்கள் பொய்யர்கள், உண்மை என்று சொன்னால் அவள் கிளம்பலாம். அவ்வளவு கச்சிதமாகக் கட்டம் போட்டிருந்தான் பெரியவன்.

அவள் கிளம்பும் முன் அண்ணனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். திருப்பும்போது தோளுக்கடியில் கை கொடுக்க வேண்டும், கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. தண்ணீரை ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும், விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்க்க வேண்டும். பெரியவன் தலையாட்டினான். அப்பாவின் இடது கையைக் கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அழுதபடியேதான் ஆட்டோவில் ஏறினாள். ஆனாலும் ஏறினாள்.

மறுநாள் பெரியவன் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். நடுத் தங்கை தன் ஒன்பது மணி நேரத்தைச் செய்ய காலையிலேயே போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அப்பா அப்பா என்று நான்கு தடவை கூப்பிட்டு, குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கவலைப்பட்டு வைத்துவிட்டாள். மத்தியானம் மனைவி சூப்பைக் கொடுத்தனுப்பினாள். அன்று கேரட் சூப். அதோடு அன்றைக்கு வேறு ஆள் யாரும் வரவில்லை.

நடுவில் நடந்ததெல்லாம் பெரியவன் கையால் நடந்தது. துணியை மாற்றினான். முதல் தடவை தப்பாக மாற்றி, மறுபடியும் மாற்றினான். திருப்பும்போது கையைப் பிடித்து இழுத்துவிட்டு, அப்பா முனகியதும் பயந்துபோய் விட்டுவிட்டான். ஸ்பூனில் சூப் கொடுத்ததில் பாதி தலையணைக்குப் போயிற்று. தலையணை உறையைத் துவைத்தான். அது துணி, அப்பா இல்லை என்று சொன்னது அவனுக்கே ஞாபகம் வந்து, குழாயடியில் யாரும் இல்லாதபோதும் கூசியது. ஒரு மாமாங்கம் ஆன மாதிரி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் மணி இரண்டுகூட ஆகவில்லை.

நாற்காலியில் வந்து விழுந்தான். அப்பா வெகு நேரமாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு குழறும், ஆனால் நிதானமாகச் சொன்னால் புரியும். உதட்டைக் கூட்டிக் கூட்டி ஏதோ சொல்ல முயன்றார். பெரியவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"நீ இன்னும் கிளம்பலையா?"

அதில் குத்தலே இல்லை. இரண்டு வருடமாகத் தினமும் வந்து உட்கார்ந்து எழுந்து போன பையன் இவ்வளவு நேரம் இருக்கிறானே என்று, அப்பா நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். பெரியவன் இல்லை என்று தலையாட்டினான். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் வந்திருந்தது. எழுந்து தோளுக்கடியில் கையைக் கொடுத்தான்.